நாடாளுமன்றத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் போதுமா?

எந்த நாட்டில் தேர்தல் முடிந்தாலும் ஒரு செய்தி தவறாமல் வரும்: இந்த முறை நாடாளுமன்றத்துக்கு இத்தனை பெண்கள் தேர்வாகியிருக்கிறார்கள், போன முறையைவிட இத்தனை பேர் கூட, அல்லது குறைவு. உடனே பேச்சு இரண்டு பக்கமாகப் பிரியும். ஒரு சாரார் "பரவாயில்லை, முன்னேறுகிறோம்" என்பார்கள். இன்னொரு சாரார் "எண்ணிக்கை கூடி என்ன ஆகப்போகிறது? திறமை இருந்தால் தானாக வருவார்கள்" என்பார்கள். இரண்டு பேரும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று நின்று பார்ப்பவர் குறைவு.

எனக்கு இது நெடுநாளைய ஆதங்கம். ஒரு நாடாளுமன்றத்தில் ஆண் பெண் சமத்துவம் எந்த அளவில் இருக்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்க முறையான வழி இருக்கிறது. சில நாடுகள் அதைச் செய்தும் பார்த்திருக்கின்றன. அந்த வழி என்ன, எப்படி வேலை செய்கிறது என்பதை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

## கைக்கு எட்டாத கம்பி

ஒரு பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு வருபவர்கள் பிடித்துக்கொள்ள மேலே ஒரு கம்பி ஓடுகிறது. வண்டியைக் கட்டியவர்கள் எல்லோரும் நல்ல உயரம். தங்கள் கைக்கு எட்டும் அளவில் கம்பியைப் பொருத்திவிட்டார்கள். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அப்புறம் உயரம் குறைந்தவர்களும் ஏறுகிறார்கள். அவர்களுக்கும் அதே கட்டணம்தான், யாரும் இறங்கச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் தடுமாறுவது அவர்கள்தான். பார்ப்பவர்களுக்கு "இவர்களுக்கு ஒழுங்காக நிற்கத் தெரியவில்லை" என்று தோன்றுகிறது. கம்பியின் உயரம் யார் கண்ணிலும் படுவதில்லை, ஏனென்றால் கை எட்டுபவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியாது.

உலகின் பழைய நாடாளுமன்றங்கள் பலவும் இப்படிக் கட்டப்பட்ட வண்டிகள்தான். கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டுமா, யார் முதலில் பேசுவது, யாரைத் தலைவராக்குவது என்ற வழக்கங்கள் எல்லாம் ஆண்கள் மட்டுமே உறுப்பினர்களாக இருந்த காலத்தில் உருவானவை. உறுப்பினரின் வீட்டில் குழந்தையையும் முதியவரையும் வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நினைப்பு அவற்றுக்குள் ஊறிக் கிடக்கிறது.

ஒரு சின்ன உதாரணம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு முதல் பெண் உறுப்பினராக ஜெனட் ராங்கின் 1917இல் வந்தார். சபை மண்டபத்தை ஒட்டிப் பெண் உறுப்பினர்களுக்கென்று ஒரு கழிப்பறை திறக்கப்பட்டது 2011இல். இடையில் 94 ஆண்டுகள். அதுவரை பெண் உறுப்பினர்கள் தொலைவில் இருந்த வேறொரு அறைக்குப் போய்வர வேண்டியிருந்தது. வாக்கெடுப்புக்கு மணி அடித்துவிட்டால் சில நிமிடங்கள் கூடப் பெரிய விஷயம். யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. 94 ஆண்டுகளாக யாருக்கும் அது அவசரமாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று பிரிட்டனில். அங்கே நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான பொதுச் சபைக்கு முதல் பெண் 1918இல் தேர்வானார். அதிலிருந்து 2016 டிசம்பர் வரை அந்தச் சபைக்குத் தேர்வான பெண்கள் மொத்தம் 455 பேர். அந்த மாதம் சபையில் இருந்த ஆண் உறுப்பினர்களும் 455 பேர். கிட்டத்தட்ட நூறு வருடத்துப் பெண்கள் எல்லோரையும் கூட்டினால்தான் ஒரே ஒரு நாளின் ஆண்களுக்குச் சமம் வந்தது. இந்தக் கணக்கை முதலில் படித்தபோது நான் மறுபடியும் மறுபடியும் படித்துச் சரிபார்த்தேன்.

## சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம்

பாலினச் சமத்துவம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிமையும் வாய்ப்பும் செல்வாக்கும் ஒரே அளவில் இருப்பது. இதில் மூன்றாவது சொல்தான் அடிக்கடி விட்டுப்போகிறது. உரிமை சட்டத்தில் இருக்கும், வாய்ப்பு தேர்தலில் கிடைக்கும். ஆனால் பேசியதை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்களா என்பது செல்வாக்கு.

அடுத்த சொல், பாலின உணர்வுள்ள நாடாளுமன்றம். உறுப்பினர்களின் சேர்க்கை, அமைப்பு, நடைமுறை, அன்றாட வேலை என்று எல்லாவற்றிலும் ஆண், பெண் இருவருடைய தேவைகளையும் கணக்கில் எடுக்கும் நாடாளுமன்றம் என்று பொருள். நாடாளுமன்றங்களுக்கு இடையேயான ஒன்றியம் இந்தக் கருத்தை உலக அளவில் கொண்டுபோனது. 1889இல் தொடங்கி இன்று ஜெனீவாவிலிருந்து இயங்கும் இந்த அமைப்பில் பெரும்பாலான நாடுகளின் நாடாளுமன்றங்கள் உறுப்பினர்கள். 2012இல் கனடாவின் கியூபெக் நகரத்தில் கூடி, இதற்காக ஒரு செயல்திட்டத்தையும் அது ஏற்றுக்கொண்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெண்களை உள்ளே விடுவது ஒரு வேலை, உள்ளே இருக்கும் கம்பியின் உயரத்தைப் பார்ப்பது இன்னொரு வேலை. முதலில் வாசலைப் பார்ப்போம்.

## வாசல்: எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது?

உலக நாடாளுமன்றங்களில் பெண்களின் பங்கு 1995இல் 11.3 சதவீதம். 2025 தொடக்கத்தில் 27.2 சதவீதம். முப்பது வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது, ஆனால் பாதியை இன்னும் நெருங்கவில்லை. இந்திய மக்களவையில் 2024 தேர்தலில் வென்ற பெண்கள் 74 பேர், மொத்த இடங்கள் 543. உலகின் முதல் பெண் பிரதமரை 1960இலேயே தந்த இலங்கையில், நாடாளுமன்றத்தில் பெண்களின் பங்கு இதுவரை பத்தில் ஒன்றைத் தாண்டியதில்லை. ஒரு பெண் உச்சியில் இருப்பதையும் பெண்கள் பரவலாக உள்ளே இருப்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

எண்ணிக்கை வேகமாகக் கூடிய நாடுகள் பலவற்றில் ஒரு பொதுக் கருவி இருந்திருக்கிறது: ஒதுக்கீடு. குறைந்தபட்சம் இத்தனை பங்கு பெண்களுக்கு என்று விதி போடுவது. இதில் மூன்று வகை உண்டு. சில நாடுகள் இடங்களையே ஒதுக்கிவிடுகின்றன. ருவாண்டாவில் 80 இடங்களில் 24 பெண்களுக்கு உரியவை. இந்தியாவில் 2023இல் வந்த அரசியலமைப்புத் திருத்தமும் இந்த வகைதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தமே சொல்கிறது. சில நாடுகள் வேட்பாளர் பட்டியலில் பங்கு கேட்கின்றன. அர்ஜென்டினா 1991இல் இப்படிச் சட்டம் போட்டு மற்றவர்களுக்கு வழிகாட்டியது. மூன்றாவது, சட்டம் எதுவும் இல்லாமல் கட்சிகளே தங்களுக்கு விதி வகுத்துக்கொள்வது.

"திறமை இருந்தால் வருவார்கள்" என்ற வாதத்துக்கு இங்கே ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். வேட்பாளராவதற்குப் பரீட்சை எதுவும் கிடையாது. கட்சியில் சிலர் ஒரு அறையில் உட்கார்ந்து பெயர்களை முடிவு செய்கிறார்கள். பணம், அறிமுகம், பழக்கம் எல்லாம் அதில் புகுந்து விளையாடுகின்றன. ஒதுக்கீடு அந்த அறையில் இருப்பவர்களைப் புதிய பெயர்களைத் தேட வைக்கிறது. இதற்கு முன்னால் அங்கே திறமை மட்டும்தான் பேசியது என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆனால் விதியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரான்சில் 2000இல் வேட்பாளர்களில் ஆண், பெண் சரிபாதி வேண்டும் என்று சட்டம் வந்தது. மீறினால் கட்சிக்கு அரசு தரும் நிதி குறையும். பெரிய கட்சிகள் என்ன செய்தன? நிதி குறைந்தாலும் சரி என்று ஆண்களையே நிறுத்தின. பெண்களுக்குக் கொடுத்த தொகுதிகளிலும் வெல்ல வாய்ப்பில்லாதவை நிறைய. 2002 தேர்தலில் பெண்களின் பங்கு 12 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. அதற்கு முந்தைய தேர்தலில் அது ஏறத்தாழ 11.

மெக்சிகோவில் நடந்தது இன்னும் வேதனை. 2009இல் ஒதுக்கீட்டின் பேரில் வென்ற பெண்கள் சிலர், பதவியேற்ற கையோடு விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு மாற்று உறுப்பினர் உண்டு. அந்த மாற்று உறுப்பினர்கள் ஆண்கள், சிலர் அந்தப் பெண்களின் கணவர்கள். கணக்கில் பெண் வென்றாள், நாற்காலியில் ஆண் உட்கார்ந்தார். 2011இல் அந்த நாட்டின் தேர்தல் நீதிமன்றம் ஒரு வரி சேர்த்தது: பெண் வேட்பாளருக்கு மாற்றாக நிற்பவரும் பெண்ணாகவே இருக்க வேண்டும். அந்தக் குறுக்குவழி அடைபட்டது. 2014இல் வேட்பாளர்களில் சரிபாதி என்பது அரசியலமைப்பிலேயே ஏறியது. 2021 தேர்தலில் மெக்சிகோவின் கீழ்ச்சபையில் பாதிப் பேர் பெண்கள்.

சரி, பாதி வந்துவிட்டால் வேலை முடிந்ததா? ஐக்கிய அரபு அமீரகத்தின் கூட்டாட்சி தேசிய மன்றத்தில் 2019 முதல் சரிபாதி பெண்கள். ஆனால் அந்த மன்றத்தின் வேலை முக்கியமாக ஆலோசனை சொல்வது. மன்றத்துக்கே அதிகாரம் குறைவு என்றால், அதில் பாதி கிடைத்தாலும் பெண்ணின் கையில் வருவது கொஞ்சம்தான். அதனால்தான் எண்ணோடு நின்றுவிட முடியாது என்கிறேன்.

## சக்கர நாற்காலியில் வந்த ஒரு வாக்கு

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே ஒரு நாளைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

2019 ஜனவரி 15. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் ஒப்பந்தத்தின் மீது பொதுச் சபையில் பெரிய வாக்கெடுப்பு. உறுப்பினர் துலிப் சித்திக் நிறைமாதக் கர்ப்பிணி. மருத்துவர்கள் சொன்ன நேரத்தில் அறுவைசிகிச்சை செய்துகொண்டால் வாக்களிக்க முடியாது. அவர் அறுவைசிகிச்சையை இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் சபைக்குள் வந்தார்.

அவருக்காக இன்னொருவர் வாக்களித்திருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். அப்போது அதற்கு விதி இல்லை. இருந்தது இணை ஒப்பந்தம் என்ற பழைய வழக்கம்: நீ வர முடியாவிட்டால் எதிர்த்தரப்பில் ஒருவரும் வாக்களிக்காமல் இருப்பார், கணக்கு நேராகிவிடும். இது நம்பிக்கையின் பேரில் நடப்பது, எழுத்தில் கிடையாது. 2018 ஜூலையில், பிள்ளை பெற்று வீட்டில் இருந்த ஓர் உறுப்பினரோடு இப்படி ஒப்புக்கொண்ட ஆளும் கட்சிக்காரர், முக்கியமான வாக்கெடுப்பில் வாக்களித்துவிட்டார். அதன் பிறகு அந்த வழக்கத்தை நம்ப சித்திக் தயாராக இல்லை.

இதில் என்னை உறுத்துவது ஒரு தேதி. குழந்தை பெற்ற உறுப்பினருக்குப் பதிலாக வேறொருவர் வாக்களிக்கலாம் என்று அந்தச் சபை 2018 பிப்ரவரியிலேயே கொள்கை அளவில் ஒப்புக்கொண்டிருந்தது. பதினொரு மாதமாக விதி எழுதப்படவில்லை. சக்கர நாற்காலிப் படம் உலகமெல்லாம் போன பிறகு, அதே ஜனவரி முடிவதற்குள் விதி வந்துவிட்டது. 2020இல் நிரந்தரமாகவும் ஆனது. தந்தையரும் அதைப் பயன்படுத்தலாம்.

சுவீடனில் இந்தச் சிக்கலே எழாது. அங்கே உறுப்பினர் ஒரு மாதமோ அதற்கு மேலோ விடுப்பில் போனால் மாற்று உறுப்பினர் அவர் இடத்தில் உட்கார்ந்து முழு வேலையும் பார்ப்பார். இரண்டு நாடும் பெண்களைத் தேர்ந்தெடுக்கின்றன. கம்பியின் உயரம் மட்டும் வேறு.

## மதிப்பீடு என்றால் என்ன செய்வார்கள்?

இப்போது கருவிக்கு வருவோம். தன்மதிப்பீடு என்பது நாடாளுமன்றம் தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது. வெளியிலிருந்து யாரோ வந்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போவது இதன் நோக்கம் இல்லை. சபாநாயகர் ஒரு குழு அமைப்பார். அதில் எல்லாக் கட்சியினரும், ஆண்களும் பெண்களும், செயலக ஊழியர்களும் இருப்பார்கள். அவர்கள் ஒரு கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆதாரங்களைத் திரட்டி, உட்கார்ந்து பேசி, எங்கே நிற்கிறோம் என்று எழுதுவார்கள். நாடாளுமன்றங்களுக்கு இடையேயான ஒன்றியம் இதற்கென்று 2016இல் ஒரு கையேடு வெளியிட்டது.

2012 செயல்திட்டத்தில் ஏழு பகுதிகள் இருக்கின்றன: உறுப்பினர் எண்ணிக்கை, சட்ட அடித்தளம், எல்லா வேலையிலும் பாலினப் பார்வை, கட்டட வசதியும் பணிப் பண்பாடும், ஆண்களின் பங்கு, கட்சிகளின் பொறுப்பு, ஊழியர்கள். ஒவ்வொன்றையும் விரித்துச் சொல்லப் போவதில்லை. எப்படிப்பட்ட கேள்விகள் வரும் என்று காட்டினால் போதும்.

நிதி, பாதுகாப்பு, வெளியுறவு ஆகிய குழுக்களுக்குத் தலைவர்களாக எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? பெண்கள் நலக் குழுவில் ஆண்கள் எத்தனை பேர்? விவாதத்தில் பேசக் கிடைத்த நேரம் எப்படிப் பிரிந்தது? குழுக்கள் கருத்துக் கேட்க அழைத்த நிபுணர்களில் பெண்கள் எத்தனை பேர்? செயலகத்தில் கீழ்ப்பதவிகளில் யார், மேல்பதவிகளில் யார்? குழந்தைகள் காப்பகம் உண்டா? பிரிட்டன் நாடாளுமன்ற வளாகத்தில் 2010இல் திறந்த காப்பகம், முன்பு உறுப்பினர்களின் மது அருந்தகம் இருந்த இடத்தில் வந்தது. இடம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

ஆண்கள் அந்தக் குழுவில் இருப்பது மரியாதைக்காக அல்ல. பெண் உறுப்பினர்கள் மட்டும் கூடி எழுதினால் அது ஒரு மனுவாகிவிடும். விதியை மாற்ற வாக்கு வேண்டும், பெரும்பான்மை வாக்குகள் இன்னும் ஆண்களிடம்தான். அதோடு, கை எட்டுபவருக்குக் கம்பியின் உயரம் புரிய, எட்டாதவர் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக: மதிப்பீடு என்பது கேள்விகள், ஆதாரம், எல்லாத் தரப்பும் உள்ள ஒரு குழு. முடிவில் கிடைப்பது அடுத்து என்ன செய்வது என்ற பட்டியல்.

## சட்டத்துக்குள் ஒளிந்திருப்பது

பெண் உறுப்பினர்களின் வசதி மட்டும்தான் இதெல்லாம் என்று நினைத்துவிட வேண்டாம். நாடாளுமன்றத்தின் வேலை சட்டம் இயற்றுவது. அந்தச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருக்கும் கோடிக்கணக்கானவர்களைத் தொடுகிறது. மசோதா ஆண்களையும் பெண்களையும் எப்படி வெவ்வேறாகப் பாதிக்கும் என்று முன்கூட்டியே பார்ப்பதைப் பாலினப் பகுப்பாய்வு என்பார்கள்.

ஓய்வூதிய மசோதா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "முப்பது ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு முழு ஓய்வூதியம்." இந்த வரியில் ஆண் என்றும் இல்லை, பெண் என்றும் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் "தொடர்ந்து" என்ற ஒரு சொல்லில் கையை வையுங்கள். குழந்தை பிறந்தபோது மூன்று வருடம், மாமியார் படுக்கையில் விழுந்தபோது இரண்டு வருடம் வேலையை விட்டவர் யார்? பெரும்பாலும் பெண். அவள் மொத்தம் முப்பது வருடம் உழைத்திருந்தாலும் "தொடர்ந்து" உழைக்கவில்லை. ஒரு சொல்லை எடுத்துவிட்டால், அல்லது பராமரிப்புக்கான வருடங்களையும் சேர்த்துக்கொண்டால், கதை மாறும். அந்தச் சொல்லைக் கண்டுபிடிப்பது குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து மசோதாவை வரி வரியாகப் படிப்பவரின் வேலை. அதைக் கேட்கும் வழக்கம் அந்தக் குழுவில் இருக்கிறதா என்று தன்மதிப்பீடு கேட்கிறது.

## பயத்தோடு வேலை செய்பவர்கள்

இதைச் சொல்லாமல் விட முடியாது. 2016இல் நாடாளுமன்றங்களுக்கு இடையேயான ஒன்றியம் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் உறுப்பினர்களிடம் பேசியது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மன ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். கொலை, பாலியல் வன்கொடுமை, அடி, கடத்தல் என்று மிரட்டப்பட்டவர்கள் பத்தில் நான்குக்கும் மேல். 55 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், உலகம் முழுவதற்கும் இதுவே விகிதம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சட்டம் இயற்றும் இடத்தில் இருப்பவர்களுக்கே இந்த நிலை.

உறுப்பினர்கள் மட்டும் அல்ல, ஊழியர்களும் இதில் அடக்கம். ஆஸ்திரேலியாவில் பாலினப் பாகுபாட்டு ஆணையராக இருந்த கேட் ஜென்கின்ஸ் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நாட்டு நாடாளுமன்றப் பணியிடங்களில் வேலை செய்பவர்களில் மூன்றில் ஒருவர் பாலியல் தொந்தரவை அனுபவித்ததாகச் சொன்னார்கள். புகார் சொன்னால் வேலை போகும், கட்சிக்குக் கெட்ட பெயர் வரும் என்ற பயம்தான் வாயை அடைத்தது. அதன் பின்னர் நடத்தை விதிகள் எழுதப்பட்டன. 2024இல் புகார்களை விசாரிக்கத் தனியாக ஒரு ஆணையமும் வந்தது. விசாரிப்பவர் எந்தக் கட்சிக்கும் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது என்பது இதில் முக்கியமான புள்ளி.

## அறிக்கைக்குப் பிறகு

மதிப்பீடு அலமாரியில் தூங்கிவிடுவது எளிது. அதைத் தடுக்க ஒவ்வொரு பரிந்துரைக்கும் பொறுப்பானவர் யார், கெடு எப்போது என்று எழுதியாக வேண்டும். பிரிட்டனில் பொதுச் சபையின் பாலினச் சமத்துவம் பற்றிப் பேராசிரியர் சாரா சைல்ட்ஸ் 2016இல் கொடுத்த அறிக்கையில் 43 பரிந்துரைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அதைச் செய்ய வேண்டியவர் யார் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தார்: சபாநாயகர், சபைத் தலைவர், கட்சிகள் என்று. 2018இல் அந்த நாடாளுமன்றம் தானே ஒரு பாலினத் தணிக்கையும் செய்தது. சுவீடனில் ஒவ்வொரு பதவிக்காலத்துக்கும் ஒரு சமத்துவச் செயல்திட்டம் போடுகிறார்கள். பெண்கள் பாதியை நெருங்கிவிட்ட சபை அது. அங்கேயும் இந்த வேலை நிற்கவில்லை.

உங்கள் நாட்டு நாடாளுமன்றத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நிபுணராக இருக்க வேண்டியதில்லை. அதன் இணையதளத்தைத் திறந்து குழுக்களின் பட்டியலைப் பாருங்கள். நிதிக் குழுவின் தலைவர் யார், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று ஐந்து நிமிடத்தில் எண்ணிவிடலாம். அப்புறம் குழு அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களில் சாட்சியம் சொன்னவர்களின் பெயர்கள் இருக்கும், அவற்றையும் எண்ணுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், நம் நாடாளுமன்றம் கடைசியாகத் தன்மதிப்பீடு செய்தது எந்த வருடம், அந்த அறிக்கை எங்கே கிடைக்கும், அதில் சொன்னவற்றில் எத்தனை முடிந்தன என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.